இப்னு அரபியை ஸிர்ஹிந்தி நிராகரித்தாரா?

கேட்டவர் இரண்டு கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். இந்திய ஸூஃபி ஞானி அஹ்மது ஸிர்ஹிந்தி, தமக்கு ஏறக்குறைய 400 ஆண்டுகள் முந்திய ஸூஃபி ஞானி இப்னு அரபியின் ‘வஹ்ததுல் வுஜூத்’, அதாவது உள்ளமையின் ஒருமை, என்னும் கொள்கையை முற்றாக மறுத்தார் என்று ஒரு நண்பர் சொன்னதாகவும், இருவரும் ஒன்றையே வேறு சொற்களில் சொன்னார்கள் என்று இன்னொருவர் சொன்னதாகவும், சங்கரருக்கு ராமானுஜர் எப்படியோ அப்படித்தானே இது என்று தமக்குத் தோன்றுவதாகவும் எழுதியிருக்கிறார். இதில் முதலாவது கேள்வி ஒரு கொள்கையைப் பற்றியது. அதற்குள் மறைந்திருக்கும் இரண்டாவது கேள்வி, தம்மால் ஏற்க இயலாத ஒன்றைச் சொன்ன முன்னோரை ஒரு ஞானி எப்படி மதித்தார் என்பது. இரண்டுக்கும் ஒரே விடை கிடையாது. நண்பர்கள் இருவரும் பாதி சரியாகச் சொல்லி மீதியில் தவறியதற்குக் காரணமும் அதுவே என்று எண்ணுகிறேன்.

நான் அரபுக் கல்லூரியில் பயின்றவன். ஸிர்ஹிந்தியின் கடிதங்களைப் பாரசீக மூலத்தையும் உருது மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்துக்கொண்டு பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். ‘மக்தூபாத்’ என்னும் பெயரில் மூன்று தொகுதிகளாக வழங்கும் அக்கடிதங்கள் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவை. முதல் தொகுதியில் மட்டும் 313 உள்ளன. இந்தக் கேள்வி அவர் வாழ்ந்த நாளிலேயே எழுந்துவிட்டது என்பதைச் சொல்லித் தொடங்குவது பொருத்தமாக இருக்கும். முதல் தொகுதியின் 31ஆம் கடிதம் இப்படிப்பட்ட ஒரு பேச்சுக்கு மறுமொழியாகவே எழுதப்பட்டது: ஷெய்க் அஹ்மது வஹ்ததுல் வுஜூதை மறுக்கிறார் என்று ஒரு சபையில் யாரோ சொல்ல, அச்செய்தி அவர் காதுக்கு வந்து சேர்கிறது. அதற்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ அவர் ஒற்றைச் சொல்லில் பதில் எழுதவில்லை. தாம் எங்கிருந்து புறப்பட்டு எங்கு வந்து சேர்ந்தார் என்ற கதையைச் சொன்னார். நாமும் அந்த வழியிலேயே போவது நல்லது.

முதலில் இப்னு அரபியைப் பற்றிச் சுருக்கமாக. 1165இல் அந்தலூசியாவின் முர்சியாவில் பிறந்து 1240இல் டமாஸ்கஸில் மறைந்தவர். ‘அஷ்ஷெய்குல் அக்பர்’, அதாவது மாபெரும் ஷெய்க் என்று போற்றப்படுபவர். 560 அத்தியாயங்கள் கொண்ட ‘ஃபுதூஹாத்துல் மக்கிய்யா’வும், 27 அத்தியாயங்களே கொண்ட ‘ஃபுஸூஸுல் ஹிக’மும் அவருடைய நூல்களில் மிகுதியும் பேசப்படுபவை. ‘வுஜூத்’, அதாவது உள்ளமை, இறைவன் ஒருவனுக்கே உரியது. பொருள்களின் உண்மைகள் இறைவனின் அறிவில் நிலைபெற்றிருக்கின்றனவேயன்றி உள்ளமையின் வாசனையைக்கூட அவை நுகர்ந்ததில்லை. நாம் காணும் உலகம் அந்த ஒரே உள்ளமையின் வெளிப்பாடு. ஆகவே எந்தப் பொருளைக் குறித்தும் ‘அவன்’ என்றும் ‘அவனல்லன்’ என்றும் ஒருசேரச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய போதனையின் சாரம். இந்த ‘அவனல்லன்’ என்னும் பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: ‘வஹ்ததுல் வுஜூத்’ என்ற தொடரைத் தம் கொள்கையின் பெயராக இப்னு அரபி ஆளவில்லை. அது அவருடைய மாணவர் ஸத்ருத்தீன் கூனவிக்குப் பின் வந்த உரையாசிரியர்களாலும், இப்னு தைமிய்யா போன்ற எதிர்ப்பாளர்களாலும் கொடியாகவும் குற்றச்சாட்டாகவும் ஆக்கப்பட்ட தொடர்.

ஸிர்ஹிந்தி 1564இல் பஞ்சாபின் ஸிர்ஹிந்தில் பிறந்தார். அவருடைய தந்தை அப்துல் அஹத், சிஷ்தி என்னும் ஸூஃபி வழியில் வந்தவர். இப்னு அரபியின் போதனையில் தோய்ந்தவர். மகன் அந்தக் காற்றிலேயே வளர்ந்தார். ‘சட்ட அறிஞரின் மகன் பாதிச் சட்ட அறிஞன்’ என்னும் அரபுப் பழமொழியை எடுத்துக்காட்டி, இளமை முதலே அறிவளவில் தாம் அக்கொள்கையினராக இருந்ததை அவரே சொல்கிறார். தந்தையின் மறைவுக்குப் பின் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர், வழியில் டெல்லியில் நக்ஷபந்தி என்னும் ஸூஃபி வழியின் ஷெய்கான காஜா பாகி பில்லாஹ்வைச் சந்தித்து அவரிடம் தீட்சை பெற்றார். அதுவரை ஏட்டறிவாக இருந்த ஒருமை அப்போது நேரனுபவமாக மாறியது. ஃபுஸூஸின் நுட்பங்கள் எல்லாம் தமக்குத் திறக்கப்பட்டன என்றும், அந்த மயக்க நிலையில் இறைமறுப்பும் இறைநம்பிக்கையும் அந்த அழகியின் கூந்தலும் முகமுமே, நம் வழியில் இரண்டும் ஒன்றே என்னும் பொருளில் அமைந்த கவிதை வரிகளைத் தம் ஷெய்குக்கு எழுதி அனுப்பியதாகவும் அவர் ஒப்புக்கொள்கிறார். பின்னாளில் ஷரீஅத்தின் காவலராகப் போற்றப்பட்ட ஒருவர் தம் இளமையின் அந்த வரிகளை மறைக்கவில்லை; அவை வெறும் ‘ஸுக்ர்’, ஆன்மிகப் போதை, என்று பெயரிட்டு வெளிப்படையாக வைத்தார். இந்த நேர்மையே அவருடைய விமர்சனத்துக்கு எடை தருகிறது. வெளியே நின்று கல்லெறிந்தவர் அல்லர் அவர். அந்த வீட்டில் குடியிருந்தவர்.

அங்கிருந்து அவர் மூன்று படிகளைச் சொல்கிறார். முதலாவது ‘வுஜூதிய்யத்’, எல்லாம் ஒன்றாகத் தோன்றும் நிலை. இரண்டாவது ‘ழில்லிய்யத்’, உலகம் இறைவனின் நிழலாகத் தோன்றும் நிலை. மூன்றாவது ‘அப்திய்யத்’, அடிமை அடிமையாகவும் ஆண்டவன் ஆண்டவனாகவும் தெளியும் நிலை. முதல் படியை விட்டு நீங்குவது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. பெரியோர் பலரை அங்கே கண்டதால் அதையே நிறைவாக எண்ணியிருந்தார். நிழல் நிலைக்கு வந்தபின் அதற்கும் ஒருமைக்கும் உறவு இருந்தமையால் அங்கேயே நின்றுவிட விரும்பினார். ஆனால் மேலே கொண்டுசெல்லப்பட்டார் என்கிறார். ஆக, இப்னு அரபியின் நிலை பொய் என்று அவர் சொல்லவில்லை. அது வழியில் உண்மையாகவே வருகிற ஓரிடம், ஆனால் ஊர் இன்னும் வரவில்லை என்றார். தம் ஷெய்கும் இவ்வாறே கடந்தார் என்பதற்கு 43ஆம் கடிதத்தில் ஒரு சான்று தருகிறார்: மறைவுக்கு ஒரு வாரம் முன்பு பாகி பில்லாஹ், இந்த ஒருமை ஒரு குறுகிய சந்து, பெருஞ்சாலை வேறு என்று தமக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டதாகக் கூறினாராம்.

அந்த 43ஆம் கடிதத்தில்தான் புகழ்பெற்ற சூரிய உவமை வருகிறது. பகலில் சூரியனைப் பார்ப்பவன் நட்சத்திரங்களைக் காண்பதில்லை. அவன் கண்ணுக்கு ஒன்றே உண்டு. ஆனாலும் நட்சத்திரங்கள் இல்லாமல் போகவில்லை, ஒளியில் அமிழ்ந்திருக்கின்றன என்பதை அவன் அறிவான். காண்பது ஒன்று என்பது ‘தவ்ஹீதே ஷுஹூதி’, காட்சியின் ஒருமை. இருப்பதே ஒன்று என்பது ‘தவ்ஹீதே வுஜூதி’, உள்ளமையின் ஒருமை. தன்னை மறக்கும் ‘ஃபனா’வுக்கு முதலாவது இன்றியமையாதது, இரண்டாவது தேவையில்லை. இன்னும் பார்வை கூர்மையானால் சூரியனையும் நட்சத்திரங்களையும் தனித்தனியே ஒருங்கு காணலாம். அதுவே அனைத்திலும் உயர்ந்த உறுதி. பழைய ஸூஃபிகளான ஹல்லாஜ் சொன்ன ‘அனல் ஹக்’கையும் (நானே மெய்ப்பொருள்) பிஸ்தாமி சொன்ன ‘ஸுப்ஹானீ’யையும் (நான் தூயவன்) இந்த உவமையின் வழியே அவர் காப்பாற்றுகிறார்: ‘நானே மெய்ப்பொருள்’ என்றால் ‘நான் இல்லை, மெய்ப்பொருளே உண்டு’ என்று பொருள், கண்ணில் வேறொன்றும் படாதவன் பேசிய பேச்சு அது. பழைய ஞானிகளின் மீறல் மொழிகளை இவ்வளவு பரிவோடு வாசித்தவரை ‘நிராகரிப்பவர்’ என்று ஒரே சொல்லில் அடைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆனால் பெரும்பாலான அறிமுகக் கட்டுரைகள் இந்த உவமையோடு நின்றுவிடுகின்றன. அதனால் ஸிர்ஹிந்தி, உலகமும் இறைவனைப் போலவே திடமாக இருக்கிறது என்று சொன்னதுபோல ஓர் எண்ணம் பரவியுள்ளது. அந்த உவமை காண்பதைப் பற்றியது, இருப்பதைப் பற்றியதன்று. இருப்பைப் பற்றி அவர் முதிர்ந்து எழுதியது இரண்டாம் தொகுதியின் முதல் கடிதத்தில் இருக்கிறது. இறைவனின் ஒவ்வொரு பண்புக்கும் எதிரே ஓர் ‘அதம்’, ஓர் இன்மை, இருக்கிறது: அறிவுக்கு எதிரே அறியாமை, ஆற்றலுக்கு எதிரே இயலாமை. அந்த இன்மைகள் கண்ணாடிகள்போல் நிற்க, பண்புகளின் ஒளி அவற்றில் பிரதிபலிக்கிறது. இன்மையும் பிரதிபலிப்பும் சேர்ந்ததே படைப்பு. இப்னு அரபியிடம் பொருள்களின் உண்மை இறைவனின் பெயர்கள் அறிவில் வேறுபட்டு நிற்பதே. ஸிர்ஹிந்தியிடம் அதன் அடித்தளம் இன்மை. சிறிய வேறுபாடுபோல் தோன்றினாலும் இதிலிருந்து பெரிய விளைவு பிறக்கிறது. உலகில் உள்ள நன்மையெல்லாம் பிரதிபலித்த ஒளியைச் சேர்ந்தது. தீமையெல்லாம் நம்முடைய மூலமான இன்மையைச் சேர்ந்தது. மனிதன் தனக்குள் ஆழ்ந்து பார்த்தால் தன் சொந்த முதலாகக் காண்பது வெறுமையைத்தான். நிழல் நீண்டால் ஆள் நீண்டான் என்று சொல்ல இயலாது என்று ஓரிடத்தில் அவர் வாதிடுவதும் இந்தக் கருத்தின் தொடர்ச்சியே: நிழலுக்கு நேர்வதை மூலத்தின்மீது ஏற்றக்கூடாது.

உலகம் அப்படியானால் கனவா என்று கேட்டால், அதற்கு ஒரு கொள்ளி உவமை வைத்திருக்கிறார். எரியும் புள்ளியை வேகமாகச் சுழற்றினால் ஒரு நெருப்பு வட்டம் தோன்றும். வெளியே உண்மையில் இருப்பது புள்ளிதான். வட்டம் தோற்றத்தின் தளத்தில் மட்டும் இருக்கிறது. ஆனால் இறைவன் தன் ஆற்றலால் அந்த வட்டத்துக்கு நிலைப்பு அளித்துவிட்டான். பார்ப்பவன் கண்ணை மூடினாலும் அது அழியாது. ஆகவே நன்மைக்குக் கூலியும் தீமைக்குத் தண்டனையும் மெய்யானவையே. இந்த இடத்துக்கு வந்ததும், இப்னு அரபிக்கும் இவருக்கும் இடையிலுள்ள தூரம், இருப்பைப் பொறுத்தவரை, வெகுவாகக் குறுகிவிடுவதைக் கவனிக்கலாம். இருவருமே உலகுக்குச் சொந்த உள்ளமை தரவில்லை. ‘இருவரும் ஒன்றையே சொன்னார்கள்’ என்ற உங்கள் இரண்டாவது நண்பருக்குப் பிடிப்பு கிடைப்பது இங்கேதான்.

எனினும் ஸிர்ஹிந்தி உறுதியாக மறுத்த கருத்துகள் உண்டு. அவற்றில் ஐயத்துக்கு இடமில்லை. இறைவனின் பண்புகள் அவனுடைய உள்பொருளே என்பதை அவர் ஏற்கவில்லை. ஸுன்னி இறையியல் மரபுகளில் ஒன்றான மாதுரீதி இறையியலைப் பின்பற்றி, பண்புகள் உள்பொருளுக்கு மேலதிகமாக உள்ளவை என்றார். நரகவாசிகள் அனைவருக்கும் இறுதியில் அருளே கிட்டும் என்ற ஃபுஸூஸின் போக்கை, பாகி பில்லாஹ்வின் புதல்வர்களுக்கு எழுதிய 266ஆம் கடிதத்தில் மறுக்கிறார். இறைநேசம், அதாவது ‘விலாயத்’, எவ்வகையிலும் நபித்துவத்தைவிட உயர்ந்ததாகாது என்பதில் அவர் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. நபியின் நபித்துவத்தைக் காட்டிலும் அதே நபியின் விலாயத் மேலானது என்று பொருள்கொள்ளும் வாசிப்பையும் மறுத்தார்.

முதல் நண்பர் தம் வாதத்துக்குப் பெரும்பாலும் 100ஆம் கடிதத்தின் வரியை வைத்துத்தான் பேசியிருப்பார். எங்கும் மேற்கோளாகக் காட்டப்படும் வரி அது. நமக்கு வேண்டியது ‘நஸ்ஸு’, ‘ஃபஸ்ஸு’ அல்ல. மதீனாவின் ஃபுதூஹாத் நம்மை மக்காவின் ஃபுதூஹாத்திலிருந்து தேவையற்றவர்களாக்கிவிட்டது என்பது அதன் கருத்து. ‘நஸ்ஸு’ என்றால் மறைநூலின் தெளிவான வாசகம். ‘ஃபஸ்ஸு’ என்பது மோதிரக்கல், ஃபுஸூஸ் என்பதன் ஒருமை. ‘ஃபுதூஹாத்’ என்றால் திறப்புகள்: மக்காவின் ஃபுதூஹாத் இப்னு அரபியின் நூல், மதீனாவின் ஃபுதூஹாத் நபியிடமிருந்து வந்தவை. சொல்நயம் மிக்க வரி என்பதால் எல்லாரும் எடுத்தாள்கிறார்கள். எழுந்த சூழலைச் சொல்வதில்லை. இறைவன் மறைவானவற்றை அறிபவன் அல்லன் என்று யமன் நாட்டு ஷெய்க் ஒருவர் சொன்னதாக ஒருவர் எழுதிக் கேட்டபோது, ஸிர்ஹிந்தியின் பொறுமை உடைந்தது. சொன்னவர் யாராக இருந்தாலும், நமக்கு வேண்டியது முஹம்மது அரபியின், அதாவது நபியின், சொல்லே தவிர முஹ்யித்தீன் அரபியின், அதாவது இப்னு அரபியின், சொல்லோ கூனவியின் சொல்லோ உரையாசிரியர் காஷானியின் சொல்லோ அல்ல என்று எழுதினார். எல்லையைக் காட்டும் கண்டிப்பு அது. இப்னு அரபியைப் பற்றிய அவருடைய முழுத் தீர்ப்பாக அதைக் கொள்ளக்கூடாது.

அந்தத் தீர்ப்பு 31ஆம், 266ஆம் கடிதங்களில் இருக்கிறது. கேள்வியின் இதயமாக நான் கருதுவதும் அதைத்தான். இப்னு அரபி இறைவனிடம் ஏற்கப்பட்டவர்களில் ஒருவராகவே தமக்குக் காணப்படுகிறார் என்கிறார் ஸிர்ஹிந்தி. ஆனால் அறிஞர் பெருமக்களின் முடிவுக்கு மாறாக அவர் சொன்னவற்றில் பெரும்பகுதி பிழையானது என்பதையும் அதே மூச்சில் சொல்கிறார். இவ்விரண்டும் எப்படிச் சேரும்? ‘கஷ்ஃப்’, அதாவது திரை விலகிக் காணும் அகக்காட்சியில் நேரும் பிழை, சட்ட ஆய்வில் முஜ்தஹிதுக்கு, அதாவது மூலங்களை ஆய்ந்து சட்ட முடிவு காணும் அறிஞருக்கு, நேரும் பிழையைப் போன்றது. முயன்று தவறியவர்மீது பழியில்லை, ஒரு நன்மைகூட உண்டு என்பது அவர் கொண்ட அளவுகோல். ஆனால் உடனே ஒரு வேறுபாட்டை வைக்கிறார். சட்ட ஆய்வில் தவறிய இமாமைப் பின்பற்றியவருக்கும் அந்த மன்னிப்பு உண்டு; அகக்காட்சியில் தவறியவரைப் பின்பற்றியவருக்கு இல்லை. ஏனெனில் ஒருவருடைய அகக்காட்சி இன்னொருவருக்குச் சான்றாகாது. கண்டவருக்குக் கண்டது தடுக்க இயலாத அனுபவம். கேட்டவருக்கு அது வெறும் செய்தி.

இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் கடிதங்களில் முரணாகத் தோன்றுபவை பலவும் ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன. இப்னு அரபியைத் தாக்குவதுபோல் அவர் எழுதும் இடங்களில் பெரும்பாலும் அவர் முன்னே நிற்பவர்கள், அனுபவம் ஏதுமின்றி ‘ஹமா ஓஸ்த்’, ‘எல்லாம் அவனே’, என்று வாயால் சொல்லிக்கொண்டு தொழுகையையும் கட்டுப்பாடுகளையும் கைவிட்டவர்கள். அந்தத் தொடருக்கே ‘எல்லாம் அவனிடமிருந்து’ என்று பொருள்கொள்ள வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. இப்னு அரபியிடம் அவர் பேசுவதோ சமமானவரோடு பேசும் பேச்சு. சிதறிக் கிடந்த ஞானப் பேச்சுகளை இலக்கணம் வகுப்பதுபோல் அதிகாரம் அதிகாரமாக ஒழுங்குபடுத்தியவர் அவரே என்றும், பின்வந்தோர் எல்லாரும் அவருடைய சொற்களைக் கொண்டே பேசுகிறோம் என்றும் நன்றியோடு ஒப்புகிறார். பிற்காலக் கடிதம் ஒன்றில், என்ன செய்வது, இந்த ஷெய்கோடு நமக்குச் சில நேரம் சண்டை, சில நேரம் சமாதானம் என்று எழுதுகிறார். அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம், தந்தையின் வீட்டை விட்டுத் தனிக்குடித்தனம் போன மகன் தந்தையைப் பற்றிப் பேசுவது போலவே எனக்குக் கேட்கிறது.

இனி ஐயத்துக்குரியவை. ஸிர்ஹிந்தி மறுத்தது இப்னு அரபியையா, அவருடைய உரையாசிரியர்கள் வழியாக இந்தியாவில் பரவிய வடிவத்தையா என்பது இன்றும் ஆய்வாளர்களிடையே தீராத விவாதம். ‘அவனல்லன்’ என்னும் பாதியை ஃபுதூஹாத் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதைக் காணும்போது, அவருடைய கண்டனங்களில் சில இப்னு அரபியைத் தொடாமலே போகின்றன என்று சொல்வோரின் பக்கம் நான் சாய்கிறேன். ஆனால் இதை முடிந்த முடிவாகச் சொல்லமாட்டேன், ஏனெனில் ஃபுஸூஸை மட்டும் வைத்துப் பார்த்தால் அவருடைய வாசிப்புக்கு இடமிருக்கிறது. அதேபோல், காட்சி ஒருமை அவருடைய தனிக் கண்டுபிடிப்பு என்பதும் மிகை. அவருக்கு முன்பே 1336இல் மறைந்த அலாவுத்தவ்லா ஸிம்னானி இதே திசையில் நின்று காஷானியோடு கடிதப் போர் நடத்தியிருக்கிறார். இதை ஸிர்ஹிந்தி அறிந்தே இருந்தார். ‘இருவரும் ஒன்றே’ என்ற கருத்துக்கும் ஒரு வரலாறு உண்டு: 18ஆம் நூற்றாண்டில் டெல்லியின் ஷா வலியுல்லாஹ் (1703-1762), மதீனாவைச் சேர்ந்த ஒருவருக்கு எழுதிய மடலில், இரண்டும் சொல்வேறுபாடே என்று இணக்கம் கண்டார். ஸிர்ஹிந்தியின் வழிவந்தவர்களுக்கே அது ஏற்கவில்லை. அவர்களில் ஒருவரான மிர்ஸா மழ்ஹர் ஜானே ஜானான் தூண்டுதலில் குலாம் யஹ்யா என்பவர் அதை மறுத்து நூல் எழுதினார். வலியுல்லாஹ்வின் இணக்கம் இருப்பைப் பற்றிய பகுதிக்குப் பெரும்பாலும் பொருந்துகிறது. தீமையின் மூலம், நபித்துவத்தின் தரம், அகக்காட்சியின் அதிகாரம் ஆகிய மூன்றிலும் பொருந்தவில்லை என்பது என் கருத்து.

சங்கரர், ராமானுஜர் ஒப்பீட்டைப் பற்றி. அது தமிழ் வாசகருக்கு இயல்பாகத் தோன்றும். தொடக்கத்தில் உதவியும் செய்யும். ஆனால் ராமானுஜர் உயிரையும் உலகையும் இறைவனுக்கு உடலாகக் கொண்டார். ஸிர்ஹிந்தி அத்தகைய உறவையும் இறைவனுக்கு உரியதாகச் சொல்ல ஒப்பமாட்டார். இறைவன் ‘அப்பாலுக்கும் அப்பால், அதற்கும் அப்பால்’ என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்வது. சங்கரரின் மாயையை இப்னு அரபியின் வெளிப்பாட்டோடு சமன்படுத்தினாலும் இதே இடர் வரும். ஒப்பீட்டைப் படிக்கட்டாக வைத்து ஏறிவிட்டு, பிறகு அந்தந்த நூலின் சொற்களிலேயே யோசிப்பது பாதுகாப்பானது.

1619இல் ஜஹாங்கீர் அவரை ஏறத்தாழ ஓராண்டு குவாலியர் கோட்டையில் சிறைவைத்ததற்கு இந்த விவாதம் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. தம் ஆன்மிக ஏற்றத்தில் முதல் கலீஃபா அபூபக்ரின் நிலையையும் கடந்து சென்றதாகத் தோன்றும்படி அவர் தம் ஷெய்குக்கு எழுதிய 11ஆம் கடிதமே அதற்குக் காரணமாயிற்று. தம் அகக்காட்சியை எழுத்தில் வைத்ததற்காகப் பழிக்கு உள்ளானவர் அவரும்தான் என்பதை நினைக்கும்போது, இப்னு அரபிக்கு அவர் அளித்த மன்னிப்பின் அருமை இன்னும் நன்றாக விளங்குகிறது.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். இவர்கள் இருவரும் கண்டதில் எது மேலான நிலை என்பதை நூல்களைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. நான் வாசகன், அந்த வழியில் நடந்து முடித்தவன் அல்லன். கடிதங்கள் என்ன சொல்கின்றன என்பதற்கு மட்டுமே நான் பொறுப்பேற்க முடியும். நீங்களே படிக்க விரும்பினால் 31ஆம் கடிதத்தில் தொடங்கி, 43, 266 என்று போய், அதன்பின் இரண்டாம் தொகுதியின் முதல் கடிதத்துக்கு வாருங்கள். 100ஆம் கடிதத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரிசையில் வாசித்தால் ‘நஸ்ஸு, ஃபஸ்ஸு’ வரி உங்கள் முதல் நண்பருக்குக் கேட்டதுபோல் உங்களுக்குக் கேட்காது.